வெள்ளை நூலும் தயிர்ப் பானையும்



டி.என்.ஏ. என்றவுடன் எங்கள் பாடப்புத்தகங்களில் முதலில் வருவது 1953ஆம் ஆண்டும் கேம்பிரிட்ஜும் முறுக்கிய ஏணிப் படமும்தான். அந்த ஏணியின் வடிவம் தெரியவருவதற்கு 84 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பொருளை ஒருவர் பிரித்தெடுத்துக் குழாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டார். அவர் நாங்கள் வாழும் இந்த நாட்டவர், பாசல் நகரத்துப் பிள்ளை.

எங்கள் இளையோரில் சிலர் கிம்னாசியத்தில் உயிரியல் படிக்கிறார்கள். வேறு சிலர் லேற என்று நாங்கள் சொல்லும் தொழிற்பயிற்சியில், ஆய்வுகூடப் பணியாளராகப் பழகுகிறார்கள். இரு தரப்பாரும் செய்துபார்க்கும் வேலைகளில் இரண்டு ஒன்றுதான்: ஓர் உயிரிலிருந்து டி.என்.ஏ.யை வெளியே எடுப்பது, ஒரு பற்றீரியா எது என்று இனங்காண்பது. இந்த இரண்டு வேலைகளும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தோம். தேடத் தேட பாசல், பேர்ண், சூரிச், ஜெனீவா என்று சுவிஸ் ஊர்ப் பெயர்களே வந்துகொண்டிருந்தன. ஆகவே இந்த முறை வரலாற்றுப் பக்கத்தை அதற்கே கொடுத்திருக்கிறோம்.

முதலில் பரிசோதனையைச் சொல்லிவிடுவோம். ஆராதனை மண்டபத்துக் குசினியில்கூட இதைச் செய்யலாம். நான்கு ஸ்ட்ராபெரிப் பழங்களை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நன்றாக நசுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் சிறிது, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, கோப்பி வடிகட்டும் தாளில் வடித்தெடுக்க வேண்டும். வடிந்த சிவப்பு நீரின் மேல், குளிர்ப்பெட்டியில் உறைய வைத்த அல்ககோலைச் சரிவாக, மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் சிவப்புக்கும் தெளிவுக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று ஏதோ மேலெழும். மரக்குச்சியால் சுற்றினால் நூல்போலச் சுற்றிக்கொள்ளும். அதுதான்.

ஏன் அப்படி நடக்கிறது? உயிர்க் கலத்தைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. தட்டில் ஒட்டிய எண்ணெயைக் கழுவும் திரவம் எப்படிக் கலைக்கிறதோ, அப்படியே அந்தச் சவ்வையும் கலைத்துவிடும். டி.என்.ஏ. தண்ணீரில் கரையும், உப்புச் சேர்ந்த அல்ககோலில் கரையாது. கரைய முடியாததால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கண்ணுக்குத் தெரிகிறது. தனி இழை கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் குச்சியில் சுற்றுவது கோடிக்கணக்கான இழைகளின் திரள்.

அரண்மனைக் குசினியில்

பிரீட்ரிக் மீஷர் 1844இல் பாசலில் பிறந்தார். தகப்பனும் வைத்தியப் பேராசிரியர், மாமன் வில்ஹெல்ம் ஹிஸ் பெயர்பெற்ற உடற்கூற்றியலாளர். மீஷரும் வைத்தியம் படித்து முடித்தார். ஆனால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. நோயாளியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்க வேண்டிய காலம் அது. அதனால் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பி, 1868இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகருக்கு, பீலிக்ஸ் ஹொப்பே-சைலர் என்ற பேராசிரியரிடம் போனார். அங்கே ஆய்வுகூடம் இருந்தது ஒரு பழைய அரண்மனைக்குள். மீஷருக்குக் கிடைத்த அறை அந்த அரண்மனையின் பழைய குசினி: கல் வளைவுக் கூரை, தடித்த சுவர், சின்ன ஜன்னல். வயது 24.

உயிர்க் கலம் எந்தெந்த இரசாயனப் பொருள்களால் ஆனது என்று அறிவதே அவருடைய நோக்கம். அதற்கு மற்றத் திசுக்களோடு கலக்காத கலங்கள் நிறைய வேண்டும். எங்கே போவது? பக்கத்து வைத்தியசாலையில், காயம் கட்டிக் கழற்றிய துணிகள் வாளி வாளியாக இருந்தன. அறுவைச் சிகிச்சையில் கிருமியை ஒழிக்கும் முறை அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. எந்தக் காயமும் சீழ் பிடிக்கும். சீழ் என்பது பெரும்பாலும் வெள்ளைக் குருதிக் கலங்கள். மீஷர் அந்தத் துணிகளை வாங்கி வந்து, அழுகியவற்றை மணத்தாலேயே ஒதுக்கி, மீதியை உப்புக் கரைசலில் அலசிக் கலங்களைக் கழற்றி எடுத்தார். வாசிக்கும்போதே முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. அவர் மாதக்கணக்காக இதையே செய்தார்.

கலத்தின் நடுவிலிருக்கும் கருவை மட்டும் தனியாக்குவதுதான் பெரிய பாடு. சுற்றியிருக்கும் புரதத்தை அகற்ற வேண்டும். பன்றியின் இரைப்பையைக் கழுவி அதிலிருந்து செரிமானச் சாற்றைத் தானே தயாரித்தார்; அதில் இட்டால் புரதம் கரைந்துபோகும், கரு மிஞ்சும். மிஞ்சிய கருக்களைக் காரக் கரைசலில் கரைத்து, பிறகு அமிலம் சேர்த்தபோது, வெள்ளைத் துகள்கள் திரண்டு கீழே இறங்கின. சோதித்துப் பார்த்தால் அது புரதம் அல்ல. புரதத்தில் வழக்கமாக இருக்கும் கந்தகம் இல்லை. பொஸ்பரசு மட்டும் ஏராளம். அப்படிப்பட்ட பொருளை அதுவரை யாரும் கண்டதில்லை. கருவிலிருந்து வந்ததால் அதற்கு நியூக்ளியின் என்று பெயர் வைத்தார். ஆண்டு 1869.

இங்கேதான் எங்களுக்குப் பிடித்த பகுதி வருகிறது. மீஷர் தன் கட்டுரையை எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தார். ஹொப்பே-சைலர் தானே ஒரு சஞ்சிகை நடத்தினார். அடுத்த மாதமே அச்சிட்டிருக்கலாம். அவர் செய்யவில்லை. இப்படி ஒரு புதிய பொருளை நம்புவதற்குமுன் தானே முதலிலிருந்து செய்துபார்க்க வேண்டும் என்றார். செய்தும் பார்த்தார், தன் மாணவர்களையும் வேறு கலங்களில் செய்யச் சொன்னார். எல்லாருக்கும் அதே பொருள் கிடைத்த பிறகுதான் 1871இல் கட்டுரை வெளிவந்தது. இதற்கிடையில் யாராவது முந்திவிடுவார்களோ என்று அந்த இளைஞன் எவ்வளவு தவித்திருப்பான்! ஆனால் அந்த இரண்டு வருடத் தாமதம் இல்லாவிட்டால், சீழ் அலசிய பையன் ஏதோ அழுக்கைக் கண்டான் என்று உலகம் ஒதுக்கியிருக்கும். ஆய்வுகூடத்தில் ஆசிரியர் “இன்னொரு தரம் செய்” என்று சொல்லும்போது எங்களுக்கு வரும் கோபத்தை இந்தக் கதையோடு சேர்த்து யோசிக்கலாம்.

அதே 1860களில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், எங்கள் ஊர் இளைஞர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார். உடற்கூறு, அறுவைச் சிகிச்சை, இரசாயனம் என்று நூல்களும் தமிழில் வந்தன. டியூபிங்கனில் மீஷர் சீழ்த் துணி அலசிய நாள்களில், மானிப்பாய் மாணவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டுவதைத் தமிழ்ப் புத்தகம் பார்த்துப் பழகியிருப்பார்கள். ஆய்வுகூடப் பாடம் எங்கள் மொழிக்குப் புதிது என்று யாராவது சொன்னால், மானிப்பாயை நினைவூட்டுங்கள்.

மீஷர் பாசலுக்குத் திரும்பி 1872இல், 28 வயதில், பேராசிரியரானார். அங்கே சீழ் தேவைப்படவில்லை. ரைன் ஆறு இருந்தது. அந்தக் காலத்தில் சல்மன் மீன்கள் கடலிலிருந்து ரைன் ஆற்றில் ஏறி பாசல்வரை வந்தன. ஆண் மீனின் விந்துக் கலத்தில் கருவைத் தவிர அதிகம் இல்லை. இதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்காது. ஆனால் பொருள் சூட்டில் சிதைந்துபோகும். குளிர்ப்பெட்டி இல்லாத காலம். ஆகவே குளிர்காலத்தில், விடியுமுன் மீனைக் கொண்டுவந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, உறையும் அறையில் மணிக்கணக்காக நின்று வேலை செய்தார். இன்று நாங்கள் குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு கைப்பேசியைப் பார்க்கிறோம். மீஷர் தானே அந்த ஐஸ் பெட்டிக்குள் நின்றார் என்று சொல்லலாம்.

1892இல் மாமனுக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார். எல்லா மொழிகளின் சொற்களும் இருபத்துநான்கு முதல் முப்பது எழுத்துகளுக்குள் அடங்கிவிடுவதுபோல, பெரிய மூலக்கூறு ஒன்றின் சின்னச் சின்ன மாற்றங்களுக்குள் பரம்பரைக் குணங்கள் எல்லாம் அடங்கலாம் என்பது அதன் சாரம். 247 எழுத்து வைத்திருக்கும் நாங்கள் அந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கலாம், டி.என்.ஏ.க்குத் தேவைப்பட்டதோ நான்கு எழுத்துத்தான். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அப்படி எழுதியபோது மீஷரின் மனதில் இருந்தது புரத வகை மூலக்கூறுகள். தான் கண்டெடுத்த பொருளே அந்த எழுத்து என்பது அவருக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து, 1895இல், டாவோஸில் காசநோயால் இறந்தார். வயது 51.

காசநோய்க் கிருமியை ரொபேர்ட் கொக் 1882இலேயே பெர்லினில் அடையாளம் காட்டிவிட்டார். ஆக, மீஷரைக் கொன்றது எது என்று அவருக்கும் அவருடைய வைத்தியர்களுக்கும் தெரியும். பெயர் தெரிந்தும் மருந்து இல்லை, மலைக்காற்றுத்தான் மருந்து. உண்மையான மருந்து 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், ஒரு நிலக்கீழ் ஆய்வுகூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவனின் கையில் கிடைத்தது. மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றிலிருந்து வந்த ஸ்ட்ரெப்டோமைசின் அது. 1952இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வக்ஸ்மனுக்கு மட்டும் போனது.

பார்ப்பது வேறு, இனங்காண்பது வேறு

இனி பற்றீரியாவின் பக்கம். எங்கள் பெற்றோர் நெருப்புக்காய்ச்சல் என்று சொல்லும் டைபொயிட்டை ஊரில் அறியாத குடும்பம் குறைவு. அந்தக் கிருமியை நுணுக்குக்காட்டியில் கண்டு விவரித்தவர் கார்ல் யோசப் எபர்த், ஆண்டு 1880. அப்போது அவர் சூரிச் பல்கலைக்கழகப் பேராசிரியர். அட்லிஸ்வில்லில் எஸ்4 ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் நடந்தே போய்ச் சேரக்கூடிய இடம். நான்கு வருடம் கழித்து, 1884இல், அதே சூரிச் நகரில் நெருப்புக்காய்ச்சல் பெரிதாகப் பரவியது. பழி குடிநீர்மேல் விழுந்தது. நகரம் தன் நீர் வழங்கலைத் திருத்தி அமைத்தது. இன்று நாங்கள் குழாயைத் திறந்து நேராகக் குடிக்கும் தண்ணீருக்குப் பின்னால் அப்படி ஒரு வருடம் இருக்கிறது.

எபர்த் கண்டது கோல் வடிவக் கிருமி. ஆனால் மனிதக் குடலில் கோல் வடிவக் கிருமிகள் எத்தனையோ உண்டு. எது நோயைத் தருவது, எது சும்மா குடியிருப்பது? பார்த்தால் மட்டும் போதாது. தனியாக வளர்த்துக் காட்ட வேண்டும். டைபொயிட் கிருமியைத் தனியாக வளர்த்தது 1884இல், கொக்கின் உதவியாளர் கவ்கி.

தனியாக வளர்ப்பதற்கு ஒரு பாய் வேண்டும். கொக் முதலில் ஜெலட்டினைப் பாவித்தார். கோடையில் அது உருகிவிடும். சில பற்றீரியா அதைத் தின்றும்விடும். அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த வோல்டர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி பனி ஹெஸ்ஸே, தான் பழக்கூழ் செய்யப் பாவிக்கும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த குடும்பமொன்றிடம் அவர் பழகிய சமையல் குறிப்பு அது. அகார் என்பது வேறொன்றும் இல்லை: நோன்புக் காலத்தில் முஸ்லிம் அயலவர் வீட்டிலிருந்து தட்டில் வரும் கடற்பாசிதான். உலகத்தின் எல்லா நுண்ணுயிர் ஆய்வுகூடங்களும் இன்றும் கடற்பாசியில்தான் பற்றீரியா வளர்க்கின்றன. இந்த அம்மையாரின் பெயரில் ஒரு தட்டும் இல்லை. தட்டுக்குப் பெயர் பெற்றவர் பெட்ரி.

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயமுறையை வெளியிட்டார். ஊதாச் சாயம், அயடின், பிறகு அல்ககோலால் கழுவல். சில பற்றீரியா சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சில விட்டுவிடும். விட்டவற்றுக்கு இன்று சிவப்புச் சாயம் ஊட்டுகிறோம். தடித்த சுவருள்ளவை ஊதா, மெல்லிய சுவருள்ளவை சிவப்பு. 140 வருடம் ஆகியும் பாடசாலை ஆய்வுகூடத்தில் நாங்கள் பழகும் முதல் இனங்காணல் இதுவே.

இந்த எளிய சாயத்தால் எவ்வளவு பெரிய வழக்கு தீர்ந்தது என்பதற்கு அலெக்ஸாண்டர் யெர்சான் கதை போதும். வோ மாநிலத்தின் ஒபோன் ஊரில் 1863இல் பிறந்த சுவிஸ்காரர், பாரிசில் பஸ்தர் நிறுவனத்தில் பழகியவர். 1894இல் ஹொங்கொங்கில் கொள்ளைநோய் வந்தபோது அவர் ஒரு நுணுக்குக்காட்டியோடும் சில கருவிகளோடும் போய் இறங்கினார். அவருக்கு முன்னரே ஜப்பானின் புகழ்பெற்ற கிட்டசாட்டோ, உதவியாளர் கூட்டத்தோடும் நல்ல உபகரணங்களோடும் வந்திருந்தார். ஆங்கிலேய அதிகாரிகள் அவருக்கே எல்லா வசதியும் கொடுத்தார்கள். யெர்சானுக்குப் பிரேத அறைக்குள் இடமில்லை. அவர் வைத்தியசாலை அருகே ஒரு மூங்கில் குடிசை போட்டுக்கொண்டு, சடலங்களைக் காவல் காத்த மாலுமிகளுக்குக் கைக்குள் காசு வைத்து உள்ளே போய், வீங்கிய நெறிக்கட்டியிலிருந்து சிறிது எடுத்துவந்தார். அதில் கூட்டம் கூட்டமாகப் பற்றீரியா. கிராம் சாயத்தைப் பிடிக்காதவை.

கிட்டசாட்டோவும் ஒரு கிருமியைக் கண்டதாக அறிவித்தார். ஆனால் அவருடைய விவரிப்பு, கிராம் சாயத்தைப் பற்றி வந்த இடத்தில் தடுமாறியது. வேறு கிருமி கலந்திருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவரிடம் 37 பாகையில் வைக்கும் அடைப்பெட்டி இருந்தது, யெர்சானிடம் இல்லை. கொள்ளைநோய்க் கிருமி ஏறத்தாழ 28 பாகையில்தான் நன்றாக வளரும். மூங்கில் குடிசையின் சூடு அதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது! இன்று அந்தக் கிருமியின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். சடலத்துக்காகக் காசு கொடுத்ததை நாங்கள் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் அதே நோய் பம்பாயில் இறங்கி இந்தியாவில் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது என்பதை நினைத்தால், அந்தக் குடிசையில் நடந்தது விளையாட்டு அல்ல என்பது புரியும்.

மறுபடியும் வெள்ளை நூல்

மீஷருடைய பொருள் அரை நூற்றாண்டு கிட்டத்தட்டப் பரணில் கிடந்தது. நான்கே நான்கு எழுத்துள்ள பொருளால் இவ்வளவு வேறுபாடுகளைத் தாங்க முடியாது, பரம்பரை என்பது புரதத்தின் வேலை என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கலைத்தது ஒரு பற்றீரியா.

நியூயோர்க்கில் ரொக்பெல்லர் நிறுவனத்தில் வேலை செய்த ஒஸ்வால்ட் ஏவரி ஒரு பப்டிஸ்ட் போதகரின் மகன். சிறு வயதில் தகப்பனின் ஆலயத்தில் கோர்னெட் ஊதியவர். நியூமோனியாக் கிருமியில் ஆபத்தில்லாத வகையொன்று, செத்துப்போன ஆபத்தான வகையோடு சேர்ந்தால் தானும் ஆபத்தானதாக மாறிவிடுகிறது என்று 1928இல் இங்கிலாந்தில் கிரிபித் காட்டியிருந்தார். செத்த கிருமியிலிருந்து உயிருள்ளதற்குப் போனது எது? ஏவரியும் மக்லியொட், மக்கார்ட்டி என்ற இரு இளையவர்களும் வருடக்கணக்காக ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சிய கரைசலில் அல்ககோலைச் சேர்த்துக் கிளறியபோது, வெண்மையான இழைகள் திரண்டு, நூற்கட்டையில் நூல் சுற்றுவதுபோலக் கண்ணாடிக் கோலில் சுற்றிக்கொண்டன. ஏவரி இதைத் தன் சகோதரனுக்குக் கடிதத்தில் வர்ணித்திருக்கிறார். 1944இல் கட்டுரை வந்தது: பரம்பரையைச் சுமப்பது டி.என்.ஏ. ஸ்ட்ராபெரிச் சாற்றில் நாங்கள் குச்சியில் சுற்றுவதும் அதே காட்சிதான். ஏவரிக்கு அப்போது வயது 66. நோபல் பரிசு கிடைக்கவில்லை.

பேர்ணுக்கு வருவோம். ருடோல்ப் சிக்னர், ஹெரிசாவில் 1903இல் பிறந்தவர். அவர் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதில் கைதேர்ந்தவர். மற்றவர்கள் எடுத்தது துண்டு துண்டாக உடைந்துபோனது. அவர் எடுத்தது நீளமாக, முறியாமல் இருந்தது. வேகமாகக் கலக்கினால், வன்மையான அமிலம் பட்டால், இழை அறுந்துவிடும். இடியப்ப மாவைப் பிழியும் கைக்கும் அதைத் தட்டில் ஏற்றும் கைக்கும் வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். 1938இலேயே அவர் சுவீடன் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, இந்த மூலக்கூறு நீண்ட மெல்லிய இழை, அதன் எடை ஐந்து இலட்சத்துக்குமேல் என்று காட்டியிருந்தார்.

1950 மே மாதம் லண்டனில் நடந்த கூட்டமொன்றுக்கு சிக்னர் அந்த டி.என்.ஏ.யில் 15 கிராமைக் கொண்டுபோனார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பகிர்ந்துகொடுத்தார். வாங்கியவர்களில் ஒருவர் கிங்ஸ் கல்லூரியின் மொரிஸ் வில்கின்ஸ். அந்தப் பொருளிலிருந்து கண்ணாடிக் கோலால் சிலந்தி இழைபோல நூல் இழுக்க முடிந்தது. அதே சிக்னர் டி.என்.ஏ.யை வைத்துத்தான் 1952இல் ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில், ரேமண்ட் கொஸ்லிங் என்ற ஆராய்ச்சி மாணவர், ‘படம் 51’ என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற எக்ஸ்-கதிர்ப் படத்தை எடுத்தார். வாட்சனும் கிரிக்கும் 1953இல் ஏணியைக் கட்டினார்கள். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. பிராங்க்ளின் 1958இலேயே 37 வயதில் இறந்துவிட்டார். சிக்னர் பேர்ணில் தன் மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடுகளில் பிள்ளை டொக்டராக வேண்டும், இல்லையென்றால் இன்ஜினியர். ஆய்வுகூட லேற எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் அம்மா அப்பாவின் முகம் சிறிது வாடுவதைக் கண்டிருக்கிறோம். அந்தப் பெற்றோரிடம் சிக்னரின் கதையைச் சொல்லலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஏணியைக் கட்டியவர்களின் கையில் ஒரு பரிசோதனைக் குழாயும் இருக்கவில்லை. முறியாத நூலை எடுத்துக் கொடுத்த கை வேறு.

சூரிச்சையும் விட்டுவிட முடியாது. பஞ்சாப் கிராமமொன்றில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1948இல் இங்கே ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரெலொக்கிடம் வந்தார். உதவித்தொகை இல்லை. கையிலிருந்த சேமிப்பைச் செலவழித்து ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்தார். 1968இல் டி.என்.ஏ.யின் எழுத்துகள் எப்படிப் புரதமாக வாசிக்கப்படுகின்றன என்று காட்டியதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, பிரெலொக்கிடம் பழகிய காலம் தன் சிந்தனையை எவ்வளவு மாற்றியது என்பதை மறக்கவில்லை.

இரண்டு வேலைகளும் ஒன்றாகச் சேர்ந்தது 1970களுக்குப் பிறகு. அமெரிக்காவில் கார்ல் வூஸ், எல்லா உயிர்க் கலங்களிலும் இருக்கும் புரதத் தொழிற்சாலையின் ஒரு பகுதியை எடுத்து ஒப்பிட்டார். பற்றீரியாவில் அதற்கு 16எஸ் என்று பெயர். ஏறத்தாழ 1500 எழுத்து நீளம். மிகவும் மெதுவாக மாறுவது. ஆகவே இரண்டு பற்றீரியாவின் 16எஸ் எழுத்துகளை அருகருகே வைத்தால் அவை எவ்வளவு நெருங்கிய உறவு என்று தெரியும். வளர்க்கவே முடியாத பற்றீரியாவையும் இப்படி இனங்காணலாம். அந்த 1500 எழுத்தைக் கோடிக்கணக்கில் பிரதியெடுக்க 1983இல் கெரி முலிஸ் பி.சி.ஆர். முறையைக் கண்டார். அதற்குக் கொதிநிலைக்கு அருகிலும் கெடாத நொதியம் வேண்டும். அது வந்தது அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பற்றீரியாவிலிருந்து. 1966இல் அதை வளர்த்தெடுத்தவர் தொமஸ் புரொக்கின் பட்டப்படிப்பு மாணவர், பெயர் ஹட்சன் பிரீஸ். ஆங்கிலத்தில் பிரீஸ் என்றால் உறைதல். வெந்நீரில் வாழும் உயிரைப் பிடித்தவருக்கு நல்ல பெயர்தான்.

இப்போது தயிர். ஆய்வுகூடத்தில் பழகுவதற்கு யோகட்டைவிட நல்ல பொருள் கிடையாது: ஆபத்தில்லை, மலிவு, பற்றீரியா நிறைந்தது. ஒரு துளியைக் கண்ணாடியில் பூசி, கிராம் சாயமிட்டால், ஊதாக் கோல்களும் ஊதா மணிகளும் தெரியும். அடுத்தது டி.என்.ஏ. எடுப்பது. ஸ்ட்ராபெரிபோல இது இலகுவில் இசையாது. ஊதாவாகத் தெரிந்ததே அதற்குக் காரணம்: சுவர் தடிப்பு. பாத்திரம் கழுவும் திரவத்துக்கு அது அசையாது. முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் என்ற நொதியத்தால் முதலில் சுவரை அரிக்கவிட வேண்டும், அல்லது சின்னக் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்க வேண்டும். பிறகு புரதத்தை அகற்றி, கழுவி, பி.சி.ஆர். செய்து, துண்டு சரியான நீளத்தில் வந்ததா என்று அகரோஸ் கூழில் ஓட்டிப் பார்ப்பது. அந்த அகரோஸும் கடற்பாசியிலிருந்து வருவதுதான். எழுத்துகள் வாசிக்கப்பட்டு வந்ததும் அவற்றைத் தரவுத் தொகுப்போடு ஒப்பிட்டால் பெயர் வரும்.

அந்தக் கோல்களை முதன்முதலில் இனங்கண்டதும் இந்த நாட்டில், ஒரு மாணவர்தான். பல்கேரியாவிலிருந்து ஜெனீவாவுக்கு வைத்தியம் படிக்க வந்த ஸ்டாமன் கிரிகோரோவ், பேராசிரியர் மசோலின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். ஊரிலிருந்து வந்த மண்பானைத் தயிரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். வெளிநாட்டுக்குப் படிக்க வந்த பிள்ளைக்கு ஊர்த் தயிர் வருவது எங்களுக்குப் புதிய கதையல்ல. அதைச் சாப்பிடாமல் சாயமிட்டுப் பார்த்ததுதான் புதிது. 1905இல் பாலைத் தயிராக்கும் கோல் வடிவப் பற்றீரியாவை அவர் தனியாக்கி விவரித்தார். பாரிசின் பஸ்தர் நிறுவனத்தில் மெச்னிக்கொவ் அதைப் பற்றி உலகமெங்கும் பேசினார். கிரிகோரோவ் பெரிய பதவிகளைத் தேடாமல் ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்தார்.

கடையில் வாங்கிய யோகட்டை இன்று சோதித்தால் வழக்கமாக இரண்டு பெயர்கள் வரும். மணிகளுக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ்; கோல்களுக்கு லக்டோபசிலஸ் டெல்புருக்கீ, துணை இனம் பல்கேரிக்கஸ். ஊரின் பெயர் இருக்கிறது, கிரிகோரோவின் பெயர் இல்லை. அம்மாமார் ஒவ்வொரு இரவும் பழைய தயிரில் ஒரு கரண்டி விட்டு உறைய வைக்கும் வீட்டுத் தயிரில் இந்த இரண்டோடு வேறு வகைகளும் காலப்போக்கில் வந்து சேர்ந்திருக்கும். அட்லிஸ்வில்லின் ஒவ்வொரு தமிழ்க் குசினியிலும் எந்தெந்தப் பெயர் வரும் என்பது இன்னும் ஒருவரும் எடுத்துப் பார்க்காத கணக்கு.